ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தயாராக வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 51, கணவருக்கு 56. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு மாடிப்படி இறங்கும்போது இடது முழங்கால் லேசாக வலிக்கும். என் அக்காவையும் சேர்த்து மூன்று பேரும் ஒரு வழிகாட்டியோடு மலைக்கிராமம் ஒன்றுக்கு நடந்து போய், அங்கே ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அதே வழியில் இறங்கி வரலாம் என்று இருக்கிறோம். "ஏழு கிலோமீட்டர்தான், 900 மீட்டர் ஏற்றம், ரொம்ப ஈஸி" என்கிறார்கள் ஏற்பாடு செய்பவர்கள். கிராமம் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறதாம். தினமும் ஒரு மணி நேரம் சமதரையில் நடக்கிறோம். புறப்பட ஏழு வாரம் இருக்கிறது. எங்களால் முடியுமா? அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்வது? அக்கா புது ஷூ வாங்கப்போகிறாள், வாங்கலாமா?

பதில்: முடியும். ஏழு வாரம் தாராளமான அவகாசம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர்களுக்கு ஏறுவதற்கான மூச்சு பெரும்பாலும் இருக்கும், மீதி கொஞ்சம் பழக்கத்தில் வந்துவிடும். உங்கள் மூவரிடமும் இப்போது இல்லாதது இறங்குவதற்கான கால் பலம். பல வருடங்களாக ஆட்களை மலைக்கு அழைத்துப் போகிறேன். ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து நடந்துவிடுகிறார்கள். மறுநாள் இறக்கத்தில் கால் நடுங்கி உட்கார்ந்தவர்களைத்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டியிருந்தது.

முதலில் அந்த 'ஈஸி' என்ற வார்த்தையைப் பார்ப்போம். மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 900 மீட்டர் ஏற்றம் என்பது, ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால், 300 மாடி. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன எளிய கணக்கு ஒன்றை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் வழிக்குப் போட்டால் தூரத்துக்கு 84 நிமிடம், ஏற்றத்துக்கு 90 நிமிடம், ஆக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது நிற்காமல் நடக்கிற, மலை பழகிய ஆளுக்கான கணக்கு. பழக்கமில்லாதவர்களுக்கு நான் அதை ஒன்றரை மடங்காக்கி, அப்புறம் ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் சேர்ப்பேன். ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் காலை எட்டு மணிக்குள் நடையைத் தொடங்கிவிட வேண்டும். "மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பகல் சூட்டில் ஈரக்காற்று சரிவுகளில் மேலேறிப் பிற்பகலில் மழையும் இடியுமாகக் கொட்டுவது மலைகளில் சகஜம். தவிர, மேற்கே உயரமான முகடு இருந்தால் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே பாதை நிழலாகிவிடும்.

இனி கால். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு கீழே விழாமல் தொடையின் முன்பக்கத் தசை பிரேக் பிடிக்கிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் இந்த வேலைதான் தசை நார்களை அதிகம் சேதப்படுத்துவது. அந்த வலி உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் இந்த வேலைக்குத் தொடை பழகாது. இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒரே ஒருமுறை இறங்கிப் பழகி வலி கண்ட தசைக்கு, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு சேதம் செய்வதில்லை. ஆகவே பயிற்சிக்குப் படிக்கட்டே போதும்.

வாரத்தில் மூன்று நாள் படி ஏறி இறங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம், ஐந்தாவது வாரத்துக்குள் முப்பது நிமிடம். ஏறுவது எந்த வேகத்திலும் இருக்கட்டும், இறங்குவது மட்டும் மெதுவாக, தொப்பென்று காலைப் போடாமல். மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப்பையில் நாலைந்து கிலோ எடை போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல் முப்பது வினாடி நிற்கும் பயிற்சியையும் சேர்க்கலாம். ஐந்தாவது வாரக் கடைசியில் ஓர் ஒத்திகை வேண்டும். ஏதாவது ஒரு குன்றிலோ பாலத்துப் படிகளிலோ மூன்று மணி நேரம் ஏறி இறங்குங்கள், மறுநாள் காலை மீண்டும் ஒன்றரை மணி நேரம் இறங்குங்கள். இரண்டாம் நாள் கால் எப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்கான உண்மையான பதில். கடைசி வாரம் சாதாரண நடை மட்டும்.

உங்கள் முழங்கால் பற்றி. படி இறங்கும்போது மட்டும் முன்பக்கம் லேசாக வலிப்பது பலருக்கும் முழங்கால் சில்லைச் சார்ந்த தொல்லை. தொடை பலமானால் பெரும்பாலும் குறையும். ஆனால் வீக்கம் இருந்தாலோ, கால் மடங்காமல் பிடித்துக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென்று மடிந்து விழப் பார்த்தாலோ, படிப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு ஊன்றுகோல் வாங்குங்கள், ஒன்று போதாது. சமதரையில் பிடித்து நின்றால் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் உயரம் சரி. இறங்கும்போது ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் நீட்டி, காலுக்கு முன்னால் கோலை ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். முழங்காலுக்குப் போகும் சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். இதையும் வீட்டுப் பக்கத்திலேயே பழகிவிட்டு வாருங்கள். மலைப்பாதையில் முதன்முறையாகக் கோல் பிடிக்கிறவர்கள் அதிலேயே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: இந்த மாத்திரை எந்த வகை? பீட்டா பிளாக்கர் என்றால் இதயத் துடிப்பை ஏற விடாது, அதனால் ஏற்றத்தில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பார். நாடி எண்ணிக்கையைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யவும் முடியாது. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை என்றால் வியர்வையோடு சேர்ந்து உடலில் நீர் வற்றும் அபாயம் கூடுதல். எதுவானாலும் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடையில் அவருக்கு அளவுகோல் பேச்சுதான். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும். மூவரில் மெதுவானவர் யாரோ, அவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக முன்னால் நடக்க விடுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். கிராமம் பக்கத்தில்தானே என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்குகிறவர்களுக்கு வருவது. குளிர் வேறு விஷயம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பதால் கிராமம் அடிவாரத்தைவிட ஆறு டிகிரி குளிராக இருக்கும். அதில் வியர்த்து நனைந்த சட்டையோடு உட்கார்ந்தால் அரை மணியில் பல் கிட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை உலர்ந்த பனியனும் உலர்ந்த சாக்ஸும் மாற்றுவது, காட்சியைப் பார்ப்பது அப்புறம்தான். பருத்தி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றுத் துணியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதை முதுகுப்பையில் வையுங்கள்.

வழிகாட்டியிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. அவர் அந்தக் கிராமத்துக்காரரா? இரவு அவரும் அங்கேயே தங்குகிறாரா? நடுவழியில் ஒருவரால் முடியாமல் போனால் வண்டி வரக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது, எந்த இடத்தில் தொலைபேசி சிக்னல் கிடைக்கும்? பாதை காட்டுக்குள் போகிறதென்றால் அனுமதி யார் பெயரில் வாங்கியிருக்கிறார்கள்? நேற்றும் அந்தப் பாதையில் போனவர் போல் உடனே, குறிப்பாகப் பதில் சொன்னால் நம்பலாம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தங்கும் செலவில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

சரி, அந்த வீடு. அது ஒரு குடும்பம் வாழ்கிற வீடு, அவர்கள் தங்கள் அறையில் ஒன்றை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். ஹோட்டலில் போல நினைத்த நேரத்தில் வெந்நீர் கேட்டால், அதற்கு யாரோ விறகு சுமந்து வந்திருக்கிறார்கள். ஓர் இரவுதானே, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டாலே போதும். சாப்பிடாதது, ஒத்துக்கொள்ளாதது ஏதாவது இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லி அனுப்புங்கள். இலையில் பரிமாறிய பிறகு சொன்னால் அவர்களுக்கு வேறு வழி இருக்காது. கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, உட்காரும் வகையா குந்தும் வகையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. ராத்திரி எழுந்து போக நெற்றியில் மாட்டும் டார்ச் வேண்டும். புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பாதை, மழை, விலங்கு நடமாட்டம் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயலியிலும் கிடைக்காது. கொண்டுபோன பிளாஸ்டிக்கை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், கிராமத்தில் அதை எரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

குடிநீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து வாங்குங்கள். தாழ்வான இடங்களில் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வேண்டும். இரவே பாட்டில்களை நிரப்பிவிடுங்கள், விடிந்ததும் புறப்பட அவசரப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி கனலும் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைக்க அன்போடு முன்வருவார்கள். மூடிய அறையில் அதை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுப்பதற்கு முன் சட்டியை வெளியே வைத்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயக்கம் வேண்டாம், தருவார்கள்.

மறுநாள் காலை கால் கட்டை போல இருக்கும். முதல் இருபது நிமிடம் வழிகாட்டி பொறுமை இழந்தாலும் மெதுவாகவே நடங்கள், தசை சூடான பிறகு சரியாகிவிடும். இறக்கம் என்பதால் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். செங்குத்தான பாதையில் முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு இறங்க மூன்றரை மணி நேரம்கூட ஆகும். அடிகளைச் சிறிதாக வையுங்கள், முழங்காலை நேராக விறைக்காமல் லேசாக மடித்தே வைத்திருங்கள். கால் வழுக்கி விழுவது பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில், வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான். அங்கே ஒருமுறை உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

அக்காவின் ஷூ: வாங்கட்டும், ஆனால் இந்த வாரமே. புது ஷூவோடு மலைக்கு வருபவர்களுக்குக் கொப்புளம் நிச்சயம். கால் பகலில் கொஞ்சம் வீங்கும் என்பதால் சாயங்காலத்தில் கடைக்குப் போய், மலையில் போடப்போகும் அதே கனமான சாக்ஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையில் சரிவான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், விரல் முனை போய் முட்டினால் அந்த அளவு வேண்டாம். பயிற்சி முழுவதும் அதையே போட்டு நடக்கட்டும். கால் நகங்களைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு மூவரும் ஒட்ட வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்து, அப்புறம் கழன்றே போய்விடும்.