டக்ஸிடோ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அந்தப் பெயர் எப்படி வந்தது?

ரிசப்ஷனுக்கு கோட் பார்க்கப் போன இடத்தில் இந்த வார்த்தை காதில் விழுந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டக்ஸிடோ ஓர் ஊர்ப் பெயர். கோழிக்கோட்டிலிருந்து போன துணி 'காலிகோ' ஆன மாதிரிதான் இதுவும்.

நியூயார்க் மாநிலத்தில் டக்ஸிடோ பார்க் என்று ஓர் இடம். புகையிலைப் பணக்காரர் நான்காம் பியர் லோரிலார்ட் 1886-ல் அங்கே ஒரு கிளப் திறந்தார். அதில் புழங்கிய ஆட்கள் இரவு விருந்துக்கு டெயில்கோட்டை விட்டுவிட்டு, பின்னால் வால் தொங்காத குட்டைக் கோட்டுக்கு மாறினார்கள். ஊர்ப் பெயரே கோட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அவருடைய மகன் கிரிஸ்வோல்டு அந்த வருட அக்டோபர் நடன விருந்தில் முதன்முதலில் போட்டுவந்தார் என்ற கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அன்று அவர் போட்டது டெயில்கோட்டின் வாலை எடுத்துவிட்ட மாதிரியான ஒன்று, இன்றைய டக்ஸிடோ இல்லை என்பவர்களும் உண்டு. அதனால் அந்தக் கதையை நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஊர்ப் பெயருக்கு மூலம், அங்கே வாழ்ந்த லெனாபி பழங்குடியினரின் மொழி. 'ஓநாய்' என்று ஒரு விளக்கம், 'வளைந்தோடும் நீர்' என்று இன்னொன்று. ஓநாய் கேட்கக் கவர்ச்சியாக இருப்பதால் எல்லோரும் அதையே பரப்புகிறார்கள். இரண்டுமே முடிவானதல்ல. கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

கோட் அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை. தையலகங்களுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் இருக்கும் ஹென்றி பூல் தையலகம், வேல்ஸ் இளவரசருக்கு (பிற்பாடு ஏழாம் எட்வர்டு) 1865-லேயே இப்படி ஒன்று தைத்ததாகச் சொல்கிறது. பிரிட்டனில் இன்றும் 'டின்னர் ஜாக்கெட்'தான். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் 'ஸ்மோக்கிங்' என்பார்கள்.

இனி ஆளை ஏமாற்றும் இடம். பளபள காலர் வைத்த கறுப்பு கோட் எல்லாம் டக்ஸிடோ ஆகிவிடாது. மடிப்புக் காலர் (லேபல்) மேல்நோக்கிக் கூர்மையாகவோ வெட்டே இல்லாமல் வளைந்தோ இருக்கவேண்டும். மேலே சாட்டின் அல்லது குரோக்ரெய்ன் (மெல்லிய வரிகள் எழும்பிய) பட்டு. சாதா சூட் போல V வெட்டு விழுந்திருந்தால், சூட் பேட்டர்னிலேயே சாட்டினை ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். முன்னால் ஒரே பட்டன், அதற்கும் அதே பட்டுத் துணி. பாக்கெட்டுக்கு மூடி இல்லை, முதுகில் பிளவு இல்லை. பேண்ட்டின் ஒவ்வொரு பக்கவாட்டிலும் ஒரே பட்டுப் பட்டை; இரண்டு இருந்தால் அது டெயில்கோட்டின் ஜோடி. பெல்ட் லூப் இருக்கவே கூடாது. பெல்ட் பக்கிள் முன்னால் புடைத்து நிற்கும் என்பதால், தோளில் மாட்டும் சஸ்பெண்டர்தான்.

இடுப்பில் கட்டும் கமர்பண்ட் நம் பக்கத்திலிருந்து போனது. பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு; நம் 'பந்தோபஸ்து'வில் இருக்கும் அதே பந்த். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் நம் அரைக்கச்சையைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பேரையும் சேர்த்து எடுத்துப்போனார்கள். மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்கவேண்டும். வாடகைக் கடைகளில் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள், கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்". ஒரு நாளுக்கு அவ்வளவு வாடகை வாங்குகிறவர்கள் இதையாவது தெரிந்துகொள்ளக் கூடாதா? பேண்ட் விளிம்பை முழுக்க மூடும்படி கட்டுங்கள். இறங்கிவிட்டால் கோட் பட்டனுக்குக் கீழே சட்டை வெள்ளை முக்கோணமாக எட்டிப்பார்க்கும்.

போ டை: கொக்கி வைத்தது வேண்டாம், கட்டுவதையே வாங்குங்கள். ஒரு முனை ஒன்றரை அங்குலம் நீளமாகத் தொங்கட்டும். அதைக் குட்டை முனைக்கு மேலாகக் கொண்டுவந்து, கழுத்துப் பக்கம் அடியிலிருந்து மேலே இழுத்து இறுக்குங்கள். குட்டை முனையைக் குறுக்கே மடித்துப் பிடித்து, நீள முனையை அதன் நடுவில் முன்னால் தொங்கவிடுங்கள். பிறகு நீள முனையையும் மடித்து, முதல் மடிப்புக்குப் பின்னால் உள்ள சந்தில் நுழைத்து இழுங்கள். ஷூ லேஸ் முடிச்சேதான். கட்டி முடித்ததும் படுக்கையாக இல்லாமல் செங்குத்தாகத் திரும்பி நின்றால், இரண்டாவது சுற்றை எதிர்த்திசையில் போட்டிருக்கிறீர்கள். இழுத்துச் சரிசெய்ய முடியாது, அவிழ்த்துத்தான் கட்டவேண்டும்.