எண்ணத்தைப் பாதியில் விடுவது

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறேன். போன வருஷம் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். "மனசில் எண்ணமே இல்லாமல் இருபது நிமிஷம் உட்காருங்க" என்றார்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் மொட்டை மாடியில் உட்காருகிறேன். கண்ணை மூடியதுமே ஆபீஸ் வந்துவிடுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன், டேலி ஆகாத பில், மேனேஜர் பேசிய பேச்சு. சும்மா இருக்கும்போதுகூட மண்டைக்குள் இவ்வளவு சத்தம் இருப்பதில்லை. சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். சில நாள் படபடப்பாக வருகிறது.

எங்கள் அம்மா சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். தியானம் பற்றி ஒன்றும் தெரியாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் முகம் அவ்வளவு அமைதியாக இருக்கும். எனக்கு ஏன் அது வரவில்லை? அப்பாவோ, "இப்படியே கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தா கடைசியில பாகாயத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று, அங்கே உள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கேலி செய்கிறார். தியானம் சிலருக்கு வரவே வராதா?

பெயர் வெளியிட வேண்டாம்.

வி.

*

அன்புள்ள வி.,

உங்களுக்கும் வரும். வகுப்பில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் உங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. எண்ணமே கூடாது என்று உட்காருபவர், எண்ணம் வந்துவிட்டதா என்று முழு நேரமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. வந்தால் ஐயோ வந்துவிட்டதே என்று ஒரு வருத்தம், வராவிட்டால் இன்னும் வரவில்லையே என்று ஒரு கணக்கு. பிறகு எங்கிருந்து அடங்கும்?

கண்ணை மூடியதும் ஆபீஸ் வருவது உங்களிடம் உள்ள குறை இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கிளும் அவரோடு இருந்தவர்களும் 2001ல் இதைப் பற்றி எழுதினார்கள். நாம் ஒரு வேலையும் கொடுக்காதபோது மூளை ஓய்ந்துவிடுவதில்லை, அதன் சில பகுதிகள் அப்போதுதான் மும்முரமாகின்றன. நடந்ததை அசைபோடுவது, நடக்கப்போவதை ஓட்டிப் பார்ப்பது, நம்மைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எல்லாம் அந்தப் பகுதிகளோடு சேர்ந்த வேலை. மொட்டை மாடியில் நீங்கள் கேட்கும் சத்தம் எல்லார் மண்டையிலும் இருப்பதுதான். பகலில் மற்ற சத்தத்தில் அது கேட்பதில்லை.

சரி, என்னதான் செய்வது? பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1989ல் மாவட்டம் பிரிகிறவரை திருவண்ணாமலையும் நம் வட ஆர்க்காடுதானே. 1896ல் பதினாறு வயதில் அங்கே வந்து சேர்ந்த ரமணரை, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விரூபாட்ச குகையில் சந்தித்துச் சில கேள்விகள் கேட்டார். அவரும் உங்களைப் போல உத்தியோகஸ்தர், வருவாய்த் துறைக்காரர். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுதான் பிறகு ‘நான் யார்?’ என்று சிறு நூலாக வந்தது. வருகிற எண்ணத்தைப் பூர்த்தி செய்ய முயலாமல், இது யாருக்கு வந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார். எத்தனை எண்ணம் எழுந்தால்தான் என்ன என்றும் கேட்கிறார். ‘யாருக்கு’ என்ற பகுதியைப் பற்றி நிறைய பேர் நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் அந்தச் சின்னச் சொல்தான் பெரிதாகப் படுகிறது: பூர்த்தி செய்யாமல்.

உங்கள் காலையையே எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்ததும் ‘இருபதாம் தேதிக்குள் ரிட்டர்ன் போடணும்’ என்று வருகிறது. இது ஒரு எண்ணம், வந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். ‘அந்தத் தோல் சப்ளையர் பில் இன்னும் வரலையே’, ‘போன் பண்ணினா எடுக்கமாட்டார்’, ‘மேனேஜர் என்னைத்தான் கேட்பார்’, ‘போன தடவையும் எல்லார் முன்னாடியும் கேட்டாரே’, ‘அன்னைக்கு நான் இப்படிச் சொல்லியிருக்கணும்’. முதல் எண்ணம் தானாக வந்தது. மற்றதெல்லாம் அதை முடித்துவைக்க நாம் போனது. கணக்கு எழுதுகிறவருக்கு இது இன்னும் கஷ்டம். டேலி ஆகும்வரை விடக்கூடாது என்று கைக்கும் கண்ணுக்கும் பழக்கியிருக்கிறீர்கள். ஆபீஸில் அதற்குத்தான் சம்பளம். மாடியில் அந்தப் பழக்கத்தை இருபது நிமிஷம் கீழே வைக்க வேண்டும். ‘பில் இன்னும் வரலையே’ என்கிற இடத்தில் விழித்துக்கொண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளிகூட வைக்க வேண்டாம். மேனேஜர் வரைக்கும் போய்விட்ட பிறகுதான் தெரிந்தது என்றால் மேனேஜரோடு விட்டுவிடுங்கள். எவ்வளவு தூரம் போனோம் என்று திரும்பிப் பார்க்கப் போனால் அது இன்னொரு கணக்கு ஆகிவிடும்.

விட்டுவிட்டு எங்கே வருவது? மூச்சுக்கு. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். வேகஸ் என்ற நரம்பு இதயத்தை அப்படித் தணிக்கிறது. அதனால் இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக்கினால் உடம்பு அமரும், அதோடு மனமும் கொஞ்சம் அமரும். ஆனால் மூச்சைப் பிடித்து அடக்கினால் அது அடங்கியிருக்கும்வரைதான் மனமும் அடங்கியிருக்கும், மூச்சு வெளிவந்ததும் பழையபடி அலையும் என்று ரமணரே சொல்கிறார். எனவே தம் கட்டாதீர்கள். மூச்சு திரும்பி வருவதற்கு ஓர் இடம், அவ்வளவு போதும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பீடி சுற்றுவதைத் தியானம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற கூலி வேலை அது. இடுப்பு வலியும் தூள் நெடியும் முகத்தின் அமைதியில் தெரியாது. ஆனால் நீங்கள் பார்த்ததும் பொய்யில்லை. வெட்டிய இலையை இடது கையில் வைத்து, தூளைப் பரப்பி, சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டுவதற்குள் அடுத்த இலை காத்திருக்கிறது. வீட்டுக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு முடிவு வரை போனால் நூல் தளர்ந்துவிடும், கம்பெனியில் அந்தப் பீடியைக் கழித்துவிடுவார்கள். அதனால் கவலை பாதியிலேயே நிற்கிறது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சுற்றும்போது ஒன்றுமே தோன்றாதா அம்மா என்று. அவர் சொல்வது நான் எழுதுவதைவிட உங்களுக்கு உதவும்.

தூக்கம் வருகிறதென்றால் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். முதலில் தூங்குங்கள். நம் ஊர் மே மாதத்தில் மொட்டை மாடித் தரை விடியும்வரை சுடும், ராத்திரித் தூக்கமும் அரைகுறைதான். அந்த நாட்களில் மாடியும் வேண்டாம், இருபது நிமிஷமும் வேண்டாம். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வளத்தூரிலிருந்து மேல்பட்டி வரை போதும். உங்கள் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும் நாளில் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள், தெருவுக்குப் போங்கள்.

படபடப்பை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். கண்ணை மூடியதும் அப்படி ஆனால் கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து நடங்கள். தியானம் சிலருக்குப் பழைய பயத்தைக் கிளப்பிவிடுவது உண்டு. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உட்காராத நேரத்திலும் படபடப்பு வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

அப்பா கேலிக்குச் சொன்ன பாகாயத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். அங்கே வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கிப் பார்த்துக்கொள்கிறார். வேலூர்க்காரர்கள் நாம் அந்த ஊர்ப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம், எனக்கு அது வருத்தம். தேவைப்பட்டால் போகலாம், அப்பாவும் கூட வரலாம்.