மவுஸ் பிடித்த கை

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் ஓவிய வகுப்பைக் கணினியில் நடத்தச் சொல்கிறார்கள். பிள்ளைகள் 40 பேர், கணினி 10. எங்கிருந்தோ படத்தை எடுத்து ஒட்டிவிட்டு 'முடிச்சிட்டேன் மிஸ்' என்கிறார்கள். பென்சிலைக் கொடுத்தால் ஒரு வளைகோடு வர மாட்டேன் என்கிறது. எனக்கும் கணினி அவ்வளவாகத் தெரியாது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, டீச்சர். முதலில் பிள்ளைகளை ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்யும் ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கலர் சிமென்ட் பாலை ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகுதான் கண்ணாடிப் பக்கத்துப் பூ முகம் காட்டும், அதுவும் இடவலம் மாறி.

கணினியில் போட்ட டிசைன் ஒன்றை நானும் அப்படி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். எல்லாம் மயிரிழைக் கோடுகள். பார்த்த பெரியவர், "கோடு நிக்காது தம்பி, கலர் கலந்துபோயிரும்" என்றார். திரையில் அது எனக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் கணினிக்கு வாருங்கள். தாளில் 8 அங்குலச் சதுரம் போட்டு, ஒரு மூலையில் கால் பூ வரையட்டும். போனில் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் வைத்து மேலே கோடு இழுக்கலாம். அது இலவச மென்பொருள். நாலு கல்லைத் திருப்பிச் சேர்த்தால் முழுப் பூ. வளவுத் தரை (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) முழுக்கப் பரப்பினால் எப்படி இருக்கும், பச்சைக்குப் பதில் மஞ்சள் வைத்தால் எடுபடுமா என்று உடனே பார்த்துவிடலாம். நூறு கல்லைக் கையால் வரைய எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? கணினி உண்மையாகக் கைகொடுப்பது இங்கேதான்.

நிறத்துக்கு மட்டும் திரையை நம்ப விடாதீர்கள். திரையில் தெரிவது வெளிச்சம், கல்லில் இருப்பது நிறம் தரும் ஆக்சைடு பொடி. உடைந்த கல் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

10 பேர் கணினியில், மற்றவர்கள் தாளில் என்று மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். தாளை முடிக்காதவருக்குக் கணினி கிடையாது. இதில் கண்டிப்பாக இருங்கள். மென்பொருள் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். எந்தப் பட்டன் எங்கே என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 'இந்த இதழ் ஏன் இப்படி வளைகிறது?' என்று கேட்க நீங்கள்தான் வேண்டும். மதிப்பெண் போடும்போது பிரிண்டோடு அந்தப் பென்சில் தாளையும் சேர்த்து வாங்குங்கள்.