செயின்ட் லூசியா: மறுபடியும் ராட்னி பேயா, சூஃப்ரியரா?

வணக்கம். திருமண நாளுக்கு மறுபடி ஒரு வாரம் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் போகிறீர்கள். மனைவிக்கு வடக்கே ராட்னி பேயில் உள்ள பழைய விடுதியேதான் வேண்டும், உங்களுக்கோ தென்மேற்கே சூஃப்ரியர் மேல் கண், மலைப்பாதை என்றால் அவருக்கு வாந்தி வேறு. சரி, நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் வடக்கு முதலில், தெற்கு கடைசியில்.

காரணம், ஹெவனோரா விமான நிலையம் தீவின் தென்கோடியில் இருக்கிறது. ஊர் திரும்பும் நாளில் ராட்னி பேயிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் குலுங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு எப்படியும் வடக்கில் இருங்கள். ராட்னி பே பக்கத்து ஊரான குரோஸ் ஐலட்டின் தெருக் கொண்டாட்டம் அன்றுதான்.

சூஃப்ரியருக்குப் படகில் போங்கள், விடுதியில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். மேற்குக் கரைச் சாலை முழுக்க வளைவுதான். படகும் கொஞ்சம் ஆடும், ஆனால் பிட்டன் சிகரங்கள் இரண்டும் கடலிலிருந்து நேராக எழுவதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

அவற்றில் ஒன்றான குரோ பிட்டன் ஏறுவதா? 798 மீட்டர், வழிகாட்டியோடு ஏறி இறங்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். திருமண நாளுக்கு அந்த வேலை எதற்கு என்பேன். டெட் பால் பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம், இரண்டு சிகரமும் தெரியும்.

அப்புறம், சூஃப்ரியர் பக்கத்துக் கந்தக ஊற்றில் சேற்றுக் குளியல் போடும்முன் வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லுங்கள், கறுத்துவிடும். வெளிர் நிற நீச்சலுடையும் வேண்டாம், சேற்றுக்கறை லேசில் போகாது.