மூன்று மாதத்திற்குள் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி: சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றில் அலுவலக மேலாளராக இருக்கிறேன். இவ்வாண்டு கணக்குப் பிரிவில் சேர்ந்த மூவரில் இருவர் மூன்று மாதத்திற்குள் விலகிவிட்டனர். முதல் நாள் முழுவதும் விளக்கக் கூட்டம் நடத்தி, மதிய விருந்தும் கொடுக்கிறோம். எங்கே குறை?
– வாசகி ஒருவர்

பதில்: முதல் நாளிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதாக நீங்கள் எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புதியவருக்குக் கேள்விகள் எழுவதே இரண்டாம் நாள்தான். பில்லில் தொகை பொருந்தவில்லை என்றால் யாரிடம் கொண்டுபோவது, இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திக்கு உடனே பதில் எழுத வேண்டுமா, எல்லாரும் சேர்ந்து போகும் உணவங்காடி நிலையத்தில் சைவ உணவு கிடைக்காததால் தனியே சாப்பிடப் போனால் தவறாக நினைப்பார்களா என்பவற்றை மேலாளரிடம் கேட்க எவருக்கும் கூச்சமாகவே இருக்கும்.

ஆகவே, அதே வேலையைச் செய்கிற, பதவியில் அதிகம் உயர்ந்திராத ஒருவரைத் துணையாக நியமியுங்கள். அவருடைய வேலைப் பளுவைக் குறைக்காமல் பெயருக்கு நியமித்தால், புதியவர் வந்து நிற்கும்போது அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே “அப்புறம் வாங்க” என்பார்; இரண்டு முறை அப்படிக் கேட்டவர் மூன்றாம் முறை வரமாட்டார். முதல் மாதத்திலாவது தினமும் அரை மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள்.

வேலை நிபந்தனைகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு, வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்து வடிவில் தரவேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிடாமல், எதிரில் உட்கார்ந்து விளக்குங்கள். சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, சட்டப்படி, மூன்று மாதச் சேவைக்குப் பிறகே, அதுவும் 5 நாள் என்ற அளவில்தான் தொடங்குகிறது. ஆறு மாதம் ஆனபின்பே 14 நாள்களாகிறது. இது தெரியாத ஒருவர் இரண்டாம் மாதத்தில் காய்ச்சலில் படுத்து, சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்தால், தம்மை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தடை ஏதுமில்லை. மீண்டும் ஆள் தேடும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று நாள் சம்பளம் பெரிய தொகையும் அன்று.

விருந்தை மூன்றாம் வாரத்திற்குத் தள்ளிவையுங்கள்; அதற்குள் அவருக்கு நாலு பேருடைய பெயராவது பழகியிருக்கும். விலகிய இருவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்து, காரணத்தைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது நிறுவனத்திற்காக வாதாட வேண்டாம்.