மென்பொருள் குழுவில் தொழில்நுட்ப எழுத்தாளரின் சொல் எடுபட என்ன செய்ய வேண்டும்?

பெங்களூரு வொயிட்ஃபீல்டில் பணிபுரியும் நீங்கள், வெளியீடு நெருங்கிய பிறகே ஆவணம் எழுத அழைக்கப்படுவதாகவும், வடிவமைப்பில் உங்கள் கருத்தை யாரும் கேட்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அழைப்புக்குக் காத்திராமல், ஓப்பன்ஏபிஐ வரையறைக் கோப்பு (பிற நிரல்கள் உங்கள் மென்பொருளுடன் தொடர்புகொள்ளும் முறையை விவரிக்கும் கோப்பு), நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியில் மறுஆய்வுக்கு வரும்போதே அதைப் படித்து, ஒரே தகவல் ஓரிடத்தில் ‘யூசர்ஐடி’ என்றும் வேறிடத்தில் ‘கஸ்டமர்ஐடி’ என்றும் இருப்பதையும், தவறான கோரிக்கைக்கு வரும் 400 எண் பிழைச் செய்தி காரணத்தைச் சொல்லாததையும் அங்கேயே குறிப்பிடுங்கள். வெளியான பின் அந்தப் பெயரை மாற்றினால் வாடிக்கையாளர்களின் நிரல்கள் செயலிழக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே எச்சரிப்பவரைப் பொறியாளர்கள் தாமாகவே தேடி வருவார்கள். (ஒற்றுப்பிழையை மட்டும் சுட்டுபவரை எவரும் தேடுவதில்லை.) ஆதரவுக் குழுவுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்துத் தயாரிப்பு மேலாளரிடம் காட்டுவதும் பயன் தரும். தமிழ் பேசும் சக பொறியாளர்களிடம் தேநீர் வேளையில் விவரம் கேட்டறியலாம். ஆனால், எடுத்த முடிவு அனைவரும் படிக்கும் டிக்கெட்டில் (குழுவின் பணிப் பதிவில்) பதிவாக வேண்டும்.