தேயிலை எடை போடும் வேலையில் விசுவாசத்தை எப்படிக் காட்டுவது?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை போடுகிறீர்கள், கிறிஸ்தவ விசுவாசத்தைக் காட்ட மேஜையில் பைபிள் வசன அட்டை வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வையுங்கள், தப்பில்லை, ஆனால் இலை கொண்டுவருகிறவர் கண் தராசில்தான் இருக்கும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 நேராகவே சொல்கிறது. மழைக்காலத்தில் இலை நனைந்து வரும், அந்த ஈரத்துக்குக் கொஞ்சம் எடை கழிப்பது நியாயம்தான், ஆனால் நல்ல வெயில் நாளிலும் அதே கழிவைப் போட்டுவிட்டு ஞாயிறு ஆராதனையில் எவ்வளவு சத்தமாகப் பாடி என்ன? கழித்ததை இலை கொண்டுவந்தவர் கண்முன்னே சீட்டில் எழுதிக் கொடுங்கள். பறிக்கிற அக்காமாருக்குக் கூலி போடுவதும் உங்கள் வேலை என்றால் யாக்கோபு 5:4-ஐயும் வாசியுங்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. முதலாளியே கூடுதலாகக் கழிக்கச் சொன்னால்? அதுதான் கஷ்டம். ஆள் முன்னால் எதிர்த்துப் பேசாமல், தனியாகப் போய் மரியாதையாக முடியாது என்று சொல்லுங்கள்.